படர்தாமரை ஏன் அடங்க மறுக்கிறது?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியது)

தோழர்களே,

இன்று படர்தாமரையைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். இடுப்பைச் சொறிந்துகொண்டே இங்கு உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு வருஷம் சொறிந்தவன்தான்.

நூற்பு இலாகாவின் புழுக்கத்தில் 8 மணி நேரம் நிற்பவனுக்கும், நனைந்த சேலையோடு நாளெல்லாம் நடவு நடுகிறவளுக்கும் இது வருவதில் ஆச்சரியமென்ன? இது ஒருவகைக் காளான். ஈரமும் உஷ்ணமும்தான் அதற்கு உரம். குளிக்காதவனுக்கு வரும் வியாதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நான் மருந்துக் கடையில் ஒரு ட்யூப் வாங்கிப் பூசினேன். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. விட்டுவிட்டேன். பத்தாம் நாள் இரண்டு மடங்காகத் திரும்பியது. மறுபடியும் அதே ட்யூப்! கடைசியில் ஒரு தோல் டாக்டர்தான் விளக்கினார்: அதில் காளான் மருந்தோடு குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. அது அரிப்பை அமுக்கும். கூடவே உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அமுக்கிவிடும். காவல்காரனைத் தூங்க வைத்தால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே! இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்று 2018ல் இந்திய சர்க்கார் உத்தரவு போட்டது. என்னிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை.

இன்னொரு சங்கதி. காளான் தன் மேலுறையைக் கட்ட எர்கோஸ்டெரால் என்ற சரக்கு வேண்டும். அதைத் தயாரிக்கும் என்ஸைமைத் தடுப்பதுதான் டெர்பினாஃபின் மாத்திரையின் வேலை. நம் நாட்டில் பரவியிருக்கும் காளானுக்கு 2020ல் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்தார்கள். அதில் பலவற்றுக்கு அந்த என்ஸைமின் அமைப்பே மாறிவிட்டது. பூட்டு மாறிய பிறகு பழைய சாவி என்ன செய்யும்? பாதியில் மருந்தை நிறுத்தினால், மருந்துக்குத் தப்பியவை மிஞ்சிப் பெருகும். இதே காளான் நியூயார்க்கிலும் காணப்பட்டதாக 2023ல் அறிவித்தார்கள்.

வைத்தியம் இருக்கிறது. ஸ்டீராய்டு ட்யூபை நிறுத்தி, அதையே டாக்டரிடம் காட்டுங்கள். தோலைச் சுரண்டிச் சோதிக்க வேண்டுமென்றால் சம்மதியுங்கள். இத்ராகோனசோல் காப்ஸ்யூல் பெரும்பாலோருக்குக் கேட்கிறது. ஆனால் 6 முதல் 8 வாரம், சிலருக்கு அதற்கும் மேல் சாப்பிட வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் விழுங்குங்கள். வயிற்றெரிச்சல் மாத்திரை கூடச் சேர்ந்தால் உடம்பில் சரியாக ஏறாது. இருதயக் கோளாறோ, கல்லீரல் கோளாறோ, கர்ப்பமோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இத்தனை வாரத்துக்குக் காசு எங்கே என்பீர்கள். நியாயமான கேள்வி. இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் அங்கே போங்கள். மற்றவர்கள் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்து இல்லை என்றால் தனியாளாகத் திரும்பி வராதீர்கள். சங்கத்தில் சொல்லுங்கள்.

ஒருவர் மட்டும் வைத்தியம் செய்துகொண்டு பயனில்லை. என் மனைவிக்கும் இருந்திருக்கிறது. வெளியே சொல்லக் கூசி மறைத்துவிட்டாள். எனக்கு ஆறியது, அவளிடமிருந்து மறுபடி தொற்றிக்கொண்டது. வீட்டில் எல்லாரையும் காட்டுங்கள். துண்டும் உள்ளாடையும் ஆளுக்குத் தனி. வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.

ட்யூப் வைத்திருக்கும் தோழர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கொண்டு வாருங்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறதென்று படித்துச் சொல்கிறேன். இங்கிலீஷில்தான் அச்சடித்திருப்பான், அதுவும் பொடி எழுத்தில்.