கலங்கல் தெளியும் வழி



மழைக்காலத்தில் ஏரிநீர் செம்மண் நிறம் கொள்ளும். அந்நீரைக் குடத்தில் முகந்து வந்த நம் தாய்மார்கள், படிகாரக் கட்டியை அதில் இரண்டு சுற்றுச் சுற்றி மூடிவைப்பார்கள். காலையில் மேல்நீர் தெளிந்திருக்கும். இதன் காரணத்தை இன்று ஆராய்வோம்.

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே அளவுள்ள களிமண் துகள், அசையாத நீரிலும் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ 13 நாள் ஆகும். அதே பொருளாலான துகள் 10 மடங்கு பருத்தால் 100 மடங்கு விரைவாக இறங்கும். ஆகவே, துகள்கள் ஒன்றுசேர்ந்து பருக்க வேண்டும். ஆனால் அவை எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன.

இங்கே இரு செயல்கள் நிகழ்கின்றன. முதலாவது வேதியியல் செயல். படிகாரத்திலுள்ள அலுமினியம் அவ்விலக்கத்தைத் தணிக்கிறது. நீரிலுள்ள பைகார்பனேட்டுடன் வினைபுரிந்து, பஞ்சு போன்ற அலுமினியம் ஹைட்ராக்சைடாகத் திரண்டு, மண்துகள்களையும் பற்றிக்கொள்கிறது. இரண்டாவது நீரின் அசைவு. துகள்கள் சந்தித்தால்தானே ஒட்டும்? முதலில் வேகமாகக் கலக்கினால் படிகாரம் எங்கும் பரவும். பின்னர் மெதுவாகக் கலக்க வேண்டும். வேகம் நீடித்தால் திரண்டவை உடைந்துபோகும்; உடனே நிறுத்திவிட்டாலோ துகள்கள் போதிய அளவு சந்திக்கமாட்டா.

நம் ஐயப்பன்தாங்கலுக்கு மேற்கே செம்பரம்பாக்கத்தில், நாள்தோறும் 53 கோடி லிட்டர் நீரைத் தூய்மைசெய்யும் திறனுடைய நிலையம் 2007இல் தொடங்கப்பட்டது. இத்தகைய நிலையங்களின் அடிப்படையும் குடத்தில் நிகழ்ந்த அதே வினைதான். பருவத்துக்குப் பருவம் நீர் மாறுவதால், ஜாடிகளில் சோதித்தே படிகாரத்தின் அளவை முடிவு செய்வார்கள். தெளிந்த நீரெல்லாம் நோயற்ற நீர் ஆகாது; ஆதலால் வடிகட்டிய பின்னர்க் குளோரினும் சேர்ப்பார்கள்.

இளைஞர்களே! பொதுக்குளத்து நீரை அருந்தும் உரிமைக்காக அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20இல் மகாடு நகரின் சவுதார் குளத்தில் இறங்கினார். அன்று மறுக்கப்பட்டது நீர் மட்டுமன்று, கல்வியுந்தான். இன்றோ, பத்தாம் வகுப்பில் தேறிய நம் பிள்ளைகளுள் பலர், அறிவியல் பிரிவு கடினமென்று தாமே ஒதுங்குகின்றனர். தம் தாய் குடத்தருகே செய்ததை விளக்கும் பாடம் அவர்களுக்கு எவ்வாறு அந்நியமாகும்?

மூன்று கண்ணாடிக் குவளைகளில் கலங்கல் நீரை எடுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். மற்ற இரண்டிலும் சிறிது படிகாரம் இட்டு, ஒன்றை விடாது வேகமாகவும், மற்றதை முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்குங்கள். அரைமணி நேரம் கழித்து நம் சிறுவர் சிறுமியரை அழைத்துக் காட்டுங்கள். அவர்கள் ‘ஏன்?’ என்று கேட்பார்கள். அக்கேள்விக்கு விடை சொல்லும் ஆற்றலுடன் நாம் ஒவ்வொருவரும் இருத்தல் வேண்டும்.