சகோதரிகள் இல்லாத கான்வென்ட்

பட்டமளிப்பு விழா உரைகள் பட்டம் பெறுவோரின் எதிர்காலத்தைப் பற்றியே பேசுவது வழக்கம். மலேசியாவின் சுங்கை வேயில் நிகழ்த்தப்படும் இவ்வுரையோ, அவர்களுள் பலர் படித்து வந்த மிஷன் பள்ளிகளின் எதிர்காலத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் பெட்டாலிங் ஜெயாவில் அசுந்தா பள்ளியும் லா சால் பள்ளியும், மறுபக்கம் கூட்டரசு நெடுஞ்சாலை கிள்ளானை நோக்கி ஓடும் வழியில் ஷா ஆலத்தின் மோன்ட்ஃபோர்ட் சிறுவர் நகரமும், அதற்கும் அப்பால் கிள்ளான் கான்வென்ட்டும், தலைநகரில் செயிண்ட் ஜான், புக்கிட் நானாஸ் கான்வென்ட் முதலியவையும் இருக்க, இவை எல்லாவற்றையும் எழுப்பிய கத்தோலிக்கத் துறவற சபையினர் இன்று அவற்றின் வகுப்பறைகளில் ஏறத்தாழ இல்லை. எழுப்பியவர்கள் இல்லாத பள்ளியில் அவர்களுடைய கல்விப்பணி எதனால் தொடர்கிறது, எங்கே அறுகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

துறவற சபை என்பது ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளை எடுத்துக்கொண்டு பொதுவாழ்வு வாழ்வோரின் அமைப்பு. அவர்களுள் லா சால் சகோதரர்கள் குருக்கள் அல்லர்; திருப்பலி நிறைவேற்றுவதோ பங்கு நடத்துவதோ அவர்கள் வேலையன்று, கற்பிப்பதே வேலை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரான்சின் ரீம்ஸ் நகரில், ஏழைப் பிள்ளைகளுக்கு இலத்தீனை விட்டுத் தாய்மொழியில் பாடம் சொல்லவும், அதற்கு முதலில் ஆசிரியர்களைப் பயிற்றவும் ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் கூட்டிய குழு அது. இச்சகோதரர்களும் குழந்தை இயேசு சபைச் சகோதரிகளும் 1852இல் பினாங்கில் வந்திறங்கினார்கள். கோலாலம்பூரில் இச்சகோதரிகளின் புக்கிட் நானாஸ் கான்வென்ட் 1899இலும், சகோதரர்களின் செயிண்ட் ஜான் 1904இலும் தொடங்கின. அசுந்தா பள்ளியை நிறுவிய மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகளின் சபை தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது: மதுரை மறைப்பணியில் இருந்த பிரெஞ்சுத் துறவி ஒருவர் 1877இல் உதகமண்டலத்தில் தொடங்கிய சபை அது. நீலகிரியில் பிறந்த சபை பெட்டாலிங் ஜெயாவில் மருத்துவமனையும் பள்ளியும் நடத்தியது என்பதை அசுந்தாவில் படித்த தமிழ்ப் பெண்களிலேயே பலர் அறியார். அசுந்தா என்ற பெயரும் ஓர் அறிஞருடையதன்று. சீனாவில் சமையற்கட்டு வேலை பார்த்து, 1905இல் காய்ச்சலில் இளவயதில் இறந்து, 1954இல் அருளாளர் பட்டம் பெற்ற இத்தாலியச் சகோதரி ஒருவருடையது.

இப்பள்ளிகள் எப்படி நிலைத்தன என்ற கேள்விக்குப் பக்தி, தியாகம், கட்டொழுங்கு என்றெல்லாம் விடை சொல்லப்படுவதுண்டு. அவை பொய்யல்ல, ஆனால் கணக்கு அவற்றுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு சகோதரி வாங்கும் சம்பளம் அவர் கைக்குப் போகாமல் சபையின் பொதுப்பணத்தில் சேர்ந்தது. சாப்பாடும் உடையும் மருந்தும் போக மிஞ்சியது புதிய வகுப்பறைகளாகவும் ஆதரவற்ற பிள்ளைகளின் விடுதிச் செலவாகவும் மாறியது. பள்ளி வளாகத்திலேயே குடியிருந்ததால், கடைசி மணி அடித்த பிறகும் கணக்கு வராத பிள்ளையைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க அவருக்கு நேரம் இருந்தது. ஓய்வு பெற்றாலும் அவர் போக வேறு வீடு இல்லை. அரசு மானியமும் பெற்றோர் கட்டணமும் சேர்ந்து கட்டியதைக் காட்டிலும், வாங்கப்படாத இந்தச் சம்பளம் கட்டியது அதிகம் என்று கருத இடமுண்டு. ஆகவே துறவிகளின் எண்ணிக்கை குறைந்தபோது பள்ளி இழந்தது ஆளை மட்டுமன்று, மூலதனத்தையும்தான்.

அந்தக் குறைவு பல பக்கங்களிலிருந்து வந்தது. 1960களின் பிற்பகுதியில் வெளிநாட்டு மறைப்பணியாளரின் தங்கும் காலத்துக்கு வரம்பு விதிக்கப்பட்டது. அயர்லாந்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்தவர்கள் நின்ற இடத்தை நிரப்பப் போதிய உள்நாட்டு இளைஞர்கள் துறவறத்துக்கு வரவில்லை. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் மிஷன் பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் முழுமையாகக் கொண்டுவந்தது. 1970 முதல் ஆங்கில வழி வகுப்புகள், முதலாம் ஆண்டில் தொடங்கி ஆண்டுதோறும் ஒரு வகுப்பாக, மலாய் வழிக்கு மாறின. 1971இல், ஆசிரியர் பணிநிலையை ஆராய்ந்த அசிஸ் ஆணையத்தின் அறிக்கை ஆசிரியர் எல்லாரையும் ஒரே சம்பளத் திட்டத்தின்கீழ்க் கொண்டுவர, மிஷன் பள்ளி ஆசிரியரும் அரசு ஆசிரியரானார். இதற்கு ஈடாக நிலமும் கட்டடமும் சபையின் உடைமையாகவே இருக்கும், பள்ளிக்கு நிர்வாக வாரியம் உண்டு, தலைமையாசிரியர் நியமனத்தில் சபையின் கருத்துக் கேட்கப்படும் என்பது இணக்கம். இலங்கையில் 1960, 1961இல் அரசு உதவி பெற்ற பள்ளிகள் பெரும்பாலும் கையகப்படுத்தப்பட்டதோடு ஒப்பிட்டால் இது மென்மையான ஏற்பாடு. சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமையை 30ஆம் பிரிவில் எழுதிவைத்த இந்திய அரசமைப்போடு ஒப்பிட்டால் பலவீனமான ஏற்பாடு. மலேசிய மிஷன் பள்ளிக்குப் பிடிமானம் நிலப்பட்டாவும் அந்த வாரியமுமே.

நிலத்தின் வலிமையும் வரம்பும் இரண்டு கான்வென்ட்டுகளில் தெரிந்தன. புக்கிட் நானாஸ் நிலத்தின் குத்தகை 2021 செப்டம்பரில் முடிய இருந்த நிலையில் அதை நீட்டிக்க மறுத்துப் பள்ளியை முழு அரசுப் பள்ளியாக்கும் முடிவு எடுக்கப்பட்டது. சகோதரிகள் நீதிமன்றத்தை நாடினார்கள், முன்னாள் மாணவியரும் பெற்றோரும் இன, சமய வேறுபாடின்றிக் குரல் கொடுத்தார்கள், குத்தகை மேலும் 60 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது. பினாங்கு லைட் ஸ்திரீட் கான்வென்ட்டிலோ நிலத்தை எவரும் பறிக்கவில்லை. 1852இல் தொடங்கிய அப்பள்ளியில் புதிய மாணவியரைச் சேர்ப்பதை நிறுத்திப் படிப்படியாக மூடப்போவதாக 2017இல் அறிவித்தது சபையேதான். நிலம் கையைவிட்டுப் போக இருந்த பள்ளி பிழைத்தது, நிலத்தைக் கையில் வைத்திருந்த பள்ளி அரசுப் பாடத்திட்டப் பள்ளியாக முடிவுக்கு வந்தது. கூரை ஒழுகினால் யார் பார்ப்பது, கரையான் அரித்த உத்தரத்தை எந்தப் பணத்தில் மாற்றுவது என்ற கேள்விகள் வயதான சில சகோதரிகளின் தலையில் விழும்போது பட்டா ஒரு சுமையாகவும் ஆகிறது.

இவ்விடத்தில் மிஷன் பள்ளிகளைப் பற்றிய ஏக்கத்தைச் சற்று அடக்கிக்கொள்வதும் நல்லது. குடியேற்றக் காலத்து ஆங்கிலப் பள்ளி நகரத்துப் பிள்ளைக்கே எட்டியது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எழுத்தரின் மகனால் ஆங்கிலப் பள்ளிக்கு நடந்தே போக முடிந்தது, ரப்பர்த் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளியின் மகனுக்கு 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு கட்டாயப்படுத்திய தோட்டத் தமிழ்ப்பள்ளியே எல்லையாக இருந்தது. அந்த இடைவெளியை நேராகத் தொட்ட முயற்சிகளுள் ஒன்று மோன்ட்ஃபோர்ட் சிறுவர் நகரம். புனித கபிரியேல் மோன்ட்ஃபோர்ட் சகோதரர்கள் 1959இல் தொடங்கிய அந்நிறுவனம், ஏழை வீட்டிலிருந்தும் படிப்பு நின்றுபோன நிலையிலிருந்தும் வரும் இளைஞருக்குத் தங்குமிடம் தந்து கைத்தொழில் கற்பிக்கிறது. தேர்வு முடிவுப் பட்டியலில் இடம்பெறாத பிள்ளைக்காக நடத்தப்படும் இடம் என்பதால், புகழ்பெற்ற கான்வென்ட்டுகளைவிட இதுவே சபைகளின் மூல நோக்கத்துக்கு அருகில் நிற்கிறது. சபைகளின் பெயரோடு கட்டணப் பன்னாட்டுப் பள்ளிகளும் இப்போது எழுகின்றன; அவற்றின் கல்வி தரமானதாக இருக்கலாம், ஆனால் சம்பளமில்லாமல் ஏழைக்குக் கற்பிக்கப் புறப்பட்டோரின் பெயர் அந்தக் கட்டணச் சீட்டின் தலைப்பில் இருப்பது உறுத்தவே செய்கிறது.

துறவியர் குறையும் இதே நெருக்கடிதான் பசிபிக் தீவுகளிலும். மைக்ரோனீசியாவின் வேனோ தீவில், ஜப்பானியர் போர்க்காலத்தில் தகவல் தொடர்பு நிலையமாக வைத்திருந்த கட்டடத்தில், இயேசு சபையினர் 1952இல் தொடங்கிய சேவியர் உயர்நிலைப்பள்ளி, குருக்கள் குறையக் குறையத் தன்னார்வ ஆசிரியரையும் தன் பழைய மாணவரையும் நம்பியே நடந்து வருகிறது. கத்தோலிக்க வழக்கில் துறவியரும் குருக்களும் அல்லாதோர் பொதுநிலையினர் எனப்படுவர். உலகெங்கும் மிஷன் கல்வி இன்று அவர்கள் கையில். லா சால் சகோதரர்களின் பள்ளிகளில் இப்பொதுநிலை ஆசிரியருள் முஸ்லிம், இந்து, பௌத்தர் எனப் பலரும் உண்டு. மலேசியாவில் இவ்வாறு கிறித்தவரல்லாத ஆசிரியர்களே பெரும்பான்மை.

இங்கே பட்டம் பெறுவோருக்கு இது தொடர்புபடும் இடம், ஆசிரியர் வேலை மட்டுமன்று. நிர்வாக வாரிய உறுப்பினர்க்குச் சம்பளம் இல்லை, கூட்டம் சனிக்கிழமை காலையிலும் நடக்கலாம், வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். அங்கே குத்தகை ஆவணத்தைப் படித்து முடிவுத் தேதியை முன்கூட்டியே குறித்துவைக்க நிலச்சட்டம் தெரிந்த ஒருவரும், பராமரிப்பு மானியத்துக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்கக் கணக்கர் ஒருவரும், பழைய கட்டடத்தின் மின்கம்பிகளைப் பார்த்துச் சொல்லப் பொறியாளர் ஒருவரும் வேண்டும். புதிய தலைமையாசிரியர் வாரியத்தின் கருத்துக் கேட்கப்படாமலே வந்து சேர்ந்தால், 1971ஆம் ஆண்டின் இணக்கத்தைச் சுட்டி மாநிலக் கல்வி இலாகாவுக்கு, சண்டைக்குப் போகாத ஆனால் விட்டும் கொடுக்காத நல்ல மலாய் மொழியில் ஒரு கடிதம் எழுதி, பதில் வராவிட்டால் மறுமாதம் இன்னொன்றும் எழுத வேண்டும். அந்த வேலையை இதுவரை செய்து வந்தவர்களுக்கு எழுபது வயது கடந்துவிட்டது.