பூட்டும் முத்திரையும்



எங்கள் அரியாங்குப்பத்தை அடுத்து, ஆற்றங்கரையில் அரிக்கமேடு என்னும் மண்மேடு உள்ளது. 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அதனை அகழ்ந்தபோது, உரோமானியரின் இருபிடிச் சாடிகள் துண்டு துண்டாக வெளிப்பட்டன. மது முதலியவற்றைச் சுமந்து கடல் கடந்து வந்த சாடிகள் அவை. அத்தகைய சாடிகளின் வாயை அடைத்து, அடைப்பின்மேல் முத்திரை இடுதல் அக்கால வணிகர் வழக்கம். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பண்டப் பொதிகளின்மேல் சோழரின் புலிச் சின்னம் பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. சரக்கு ஒருவருடையது, கலம் மற்றொருவருடையது, துறையோ மூன்றாமவருடையது. பிறர் கையில் ஒப்படைத்த பொருளை எங்ஙனம் காப்பது? இப்பழைய வினாவே இன்று கணிப்பொறி உலகில் புதிய உருவில் எழுந்துள்ளது. அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ளுங்கள். பூட்டு என்பது உள்ளிருப்பதைப் பிறர் காணாதபடி தடுப்பது. முத்திரை என்பது பிறர் கைவைத்தால் அதைக் காட்டிக்கொடுப்பது. ஒன்று இருப்பதால் மற்றொன்றும் இருக்கிறது என்று எண்ணுதல் தவறு. இதன் பொருள் போகப்போக விளங்கும்.

மெய்நிகர் இயந்திரம் என்றால் என்ன? ஒரே பெரிய கணிப்பொறியைப் பல சிறு கணிப்பொறிகள் போலத் தோன்றச் செய்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொருவருக்குக் கொடுப்பதே அது. ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தார் 1960களில் இதனைச் செய்துகாட்டினர், 1972இல் வி.எம்./370 என்னும் பெயரில் அது வெளிவந்தது. 2007ஆம் ஆண்டு லினக்சின் உட்கருவிலேயே கே.வி.எம். என்ற பெயரில் இவ்வசதி சேர்க்கப்பட்டது. இதனை ஒரு சத்திரத்துக்கு ஒப்பிடலாம். கட்டடம் ஒன்று, அறைகள் பல. அறைகளைப் பிரித்துக் கொடுக்கும் நிரலுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். அதற்கு ஆணையிட்டு, யாருக்கு எந்த அறை, எவ்வளவு இடம் என்று கணக்கு வைக்கும் மணியக்காரர் போன்றதே மேலாண்மை மென்பொருள். 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லிப்வெர்ட் என்பது அத்தகையது. அது மூலநிரல் மறைக்கப்படாத, எவரும் படித்துப் பார்க்கக்கூடிய மென்பொருள்.

சத்திரத்தாரிடம் எல்லா அறைக்கும் சாவி உண்டல்லவா? இங்கும் அப்படியே. வட்டில் உள்ளதை மறைகுறியாக்கிவிடலாம். கம்பிவழிச் செல்வதையும் மறைகுறியாக்கிவிடலாம். ஆனால் கணிப்பொறி வேலை செய்யும் நேரத்தில் நினைவகத்தில் உள்ள செய்தி திறந்தே கிடந்தது. ஒரு மருத்துவமனை தன் நோயாளிகளின் குறிப்புகளை வாடகைக் கணிப்பொறி ஒன்றில் வைத்திருக்கிறது என்று கொள்வோம். அக்கணிப்பொறியை நடத்துவோன் ஒருவன் மனம் வைத்தால், அவற்றைப் படித்துவிடலாம். நம்பிக்கை ஒன்றே காவல். நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தரவைப் பிறரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு திரட்டியவருடையதே என்கிறது. பொறுப்பு ஓரிடத்திலும் சாவி வேறிடத்திலும் இருப்பது தகுமா?

இக்குறையைத் தீர்க்க ஏ.எம்.டி. நிறுவனம் 2017இல் வெளியிட்ட எபிக் செயலிகளில் எஸ்.ஈ.வி. என்னும் ஏற்பாட்டை அமைத்தது. ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்துக்கும் தனித்தனித் திறவுகோல் உண்டு. அது செயலியின் உள்ளேயே, தனியே அமைந்த சிறு காவற்செயலியிடம் இருக்கும். ஹைப்பர்வைசர் அதைக் காண முடியாது. நினைவகத்துக்குச் செல்லும் செய்தி மறைகுறியாகச் செல்லும். செயலிக்குள் திரும்பும்போதுதான் தெளியும். 2018ஆம் ஆண்டில் லினக்ஸ், கியூ.ஈ.எம்.யூ., லிப்வெர்ட் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து இதனை ஏற்றன.

ஏற்றன என்று ஒரு சொல்லில் கூறிவிட்டேன். ஆயினும் மணியக்காரரின் தொல்லையை எண்ணிப் பாருங்கள்! தாம் பார்க்கக்கூடாத அறையைத் தாமே நிருவகிக்க வேண்டும். அவர் பழைய வழக்கங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

முதலாவது, எண்ணிக்கை. முதல் தலைமுறை எபிக் செயலியில் 15 திறவுகோல்களே இருந்தன. பதினாறாம் விருந்தினருக்கு இல்லையென்று சொல்ல வேண்டும். அடுத்த தலைமுறையில் அவை 509 ஆயின.

இரண்டாவது, இடமாற்றம். மறைகுறி நினைவகத்தின் இடத்தோடு பிணைந்தது. ஒரே சொல் வேறிடத்தில் வேறு குறியாகத் தோன்றும். ஆகவே பக்கங்களை நகர்த்தாமல், வட்டுக்கு ஒதுக்காமல், இருந்த இடத்திலேயே நிறுத்திவைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை வேறு கணிப்பொறிக்குக் கொண்டுசெல்லுதல், அப்படியே உறங்கவைத்துச் சேமித்தல் ஆகிய வசதிகளைத் தொடக்கத்தில் கைவிட வேண்டியதாயிற்று.

மூன்றாவது, போக்குவரத்து. வட்டும் வலையமைப்பும் வெளியார் கையில் உள்ளவை. ஆதலின் அறைக்கு முன்னே திண்ணை போல ஒரு சிறு நினைவகப் பகுதி மறைகுறியின்றி விடப்படுகிறது. கொடுக்கல் வாங்கல் அங்கேதான். திண்ணையில் வைப்பதை எவரும் பார்க்கலாம். எனவே வட்டுக்குச் செல்வதை உள்ளேயே மறைகுறியாக்கிய பின்னரே வெளியே வைக்க வேண்டும்.

நான்காவதே தலையாயது. உள்ளே தொடங்கிய நிரல் நாம் அனுப்பியதுதானா? மணியக்காரர் இடையில் வேறொன்றை நுழைத்திருந்தால் எப்படி அறிவது? இதற்காகக் காவற்செயலி, தொடக்கத்தில் ஏற்றப்பட்ட நிரலை அளந்து ஓர் அளவைக்குறி தருகிறது. இயந்திரம் ஓடாமல் நிறுத்தி வைக்கப்படும். லிப்வெர்ட் அக்குறியைப் பெற்று உரிமையாளருக்கு அனுப்பும். அவர் தம் கணக்கோடு ஒத்துப்பார்ப்பார். ஒத்திருந்தால் மட்டுமே வட்டின் திறவுகோலை மறைகுறியாக அனுப்புவார். 2022இன் தொடக்கத்தில் வெளிவந்த லிப்வெர்ட் 8.0 பதிப்பு அதனை உள்ளே செலுத்தும் வழியையும் சேர்த்தது. மணியக்காரர் உறையைக் கொண்டுசெல்கிறார். உறையைப் பிரிக்க அவரால் இயலாது.

இத்துடன் கவலை தீர்ந்ததா? இல்லை. 2018ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் பிரவுன்ஹோஃபர் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு குறையைக் காட்டினர். ஹைப்பர்வைசர் பூட்டை உடைக்கவில்லை. உள்ளிருப்பவர் அறியாமல் நினைவகப் பக்கங்களை இடம் மாற்றி இணைத்தது. உள்ளிருந்த நிரலோ, கேட்ட ஏட்டை எடுப்பதாக எண்ணி, மறைவாக இருந்த வேறோர் ஏட்டைத் தன் கையாலேயே திறந்து வெளியே படித்துக் காட்டிவிட்டது! பூட்டு இருந்தது, முத்திரை இல்லை. நான் முதலில் கூறிய வேறுபாடு இதுவே. 2021இல் வந்த மூன்றாம் தலைமுறை எபிக் செயலி, எந்தப் பக்கம் யாருடையது என்று பட்டியல் வைத்துக்கொண்டு, இத்தகைய மாற்றத்தைத் தடுக்கிறது. எஸ்.என்.பி. எனப்படும் அம்முறையை லிப்வெர்ட் 2024இல் ஏற்றது. இன்டெல் நிறுவனமும் டி.டி.எக்ஸ். என்னும் தன் முறையைக் கொணர்ந்துள்ளது.

"இம்மென்பொருளின் மூலநிரல் எல்லார்க்கும் தெரியும் என்கிறீரே, அது ஆபத்தன்றோ?" என்று நீங்கள் வினவலாம். பாரிசில் மொழி கற்பித்த ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் 1883ஆம் ஆண்டிலேயே இதற்கு விடை கூறினார். பொறியின் அமைப்பு பகைவர் கையில் சிக்கினாலும் கேடு வரலாகாது. திறவுகோல் ஒன்றே மறைவாக இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. மறைவான அமைப்பின் குறையை அதைச் செய்தவரே அறிவர். வெளிப்படையான அமைப்பின் குறையைப் பலர் கண்டு திருத்துவர்.

எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். செயலி செய்தவரை நாம் நம்பியே ஆகவேண்டும். சத்திரத்தார் விளக்கை அணைத்து அறையையே மூடிவிட்டால், மறைகுறி அதைத் தடுக்காது. அறைக்குள் இருப்பவரே கதவைத் திறந்துவைத்தால் எந்தப் பூட்டும் பயன்படாது. 2024ஆம் ஆண்டின் இறுதியில், தன் கொள்ளளவைப் பொய்யாக உரைக்கும் நினைவகப் பலகையைக் கொண்டு எஸ்.என்.பி. முறையையும் ஏமாற்றலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினர், ஏ.எம்.டி. அதற்கு மாற்று வெளியிட்டது. காப்பவரும் சோதிப்பவரும் மாறி மாறி முன்னேறுவதே இத்துறையின் இயல்பு.

மாணவ நண்பர்களே, நம் மதிப்பெண்ணும் மருத்துவக் குறிப்பும் நாம் காணாத ஓர் ஊரின் கணிப்பொறியில் இருக்கும் காலம் இது. "என்னை நம்புங்கள்" என்று ஒருவர் சொல்வது நற்பண்பாக இருக்கலாம். "என்னை நம்ப வேண்டியதில்லை, சோதித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும்படி பொறியை அமைப்பதே அறிவியல். உங்கள் செய்தியை யாரேனும் காப்பதாகக் கூறினால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: பூட்டு உண்டா? முத்திரையும் உண்டா? இக்கேள்விகளுக்குச் செம்மையான விடைகளை அமைக்கும் பொறியாளர்கள் உங்களிடையே தோன்றுவார்கள் என்று நம்புகிறேன்.