மருந்தோடு மருந்து சேரும்போது

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

புலவர்களும் பேராசிரியர்களும் பேசிச் சிறப்பித்த இம்மேடையில், ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நம்மையும் பேசுமாறு செயலாளர் பணித்தார். நமது படிப்போ பள்ளியிறுதி வகுப்போடு நின்றது. மருந்தைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் எண்ணுதல் இயல்பே. பிழை ஒன்று செய்து, அதனால் பாடம் கற்ற தந்தை என்னும் தகுதி ஒன்றே நமக்கு உண்டு.

சென்ற மழைக்காலத்தில், மூன்று வயதான நம் இளைய மகளுக்குச் சளியும் காய்ச்சலும் கண்டன. கடையில் கேட்டு வாங்கிய சளி மருந்தைக் கொடுத்தோம். காய்ச்சல் தணியாதது கண்டு, வீட்டில் இருந்த காய்ச்சல் மருந்தையும் உடன் கொடுத்தோம். இரண்டு நாள் இவ்வாறே கழிந்தது. மூன்றாம் நாள் குழந்தை சோர்ந்து, குடித்த பாலையும் வாந்தியெடுத்தாள். மருத்துவரிடம் ஓடினோம். அவர் இரு புட்டிகளையும் கொணரச் செய்து, அருகருகே வைத்துக் காட்டினார். இரண்டிலும் பாராசிட்டமால்! அளவு மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கவல்லது அது. இரத்தத்தைச் சோதித்தார்கள், தீங்கு ஏதும் நேரவில்லை. நாள்தோறும் சரக்குச் சீட்டுகளை ஒரு வரி விடாமல் படிக்கும் நம் கண்கள், பெற்ற மகளின் மருந்துச் சீட்டைப் படிக்கத் தவறின. அந்த வெட்கமே இவ்வுரைக்குக் காரணம்.

எமது துறையில் ஆபத்தான சரக்குகளுக்கென்று தனி விதிநூல் உண்டு. தனித்தனியே அனுப்பத்தக்க இரு பொருள்களை ஒரே வண்டியில் சேர்த்து ஏற்றலாகாது என்று அது கூறும். மருந்துகளின் நிலையும் அத்தகையதே. ‘இதுவும் நல்லது, அதுவும் நல்லது, ஆகவே இரண்டும் சேர்ந்தால் மிக நல்லது’ என்பது கணக்கிற்கு ஒத்துவரலாம், உடலுக்கு ஒத்துவராது. சோதித்தே அறிதல் வேண்டும்.

அவ்வாறு சோதித்த பெருமை நம் தமிழகத்திற்கு உண்டு. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தபோது உலகம் மகிழ்ந்தது. ஆயின் 1948-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு, அதனைத் தனியே கொடுத்தால் பலரிடம் கிருமிகள் அம்மருந்துக்கு அடங்காதவை ஆகிவிடும் என்று காட்டியது. ‘பாஸ்’ என்னும் மருந்தையும் உடன் சேர்த்தபோது அவ்விடர் பெரிதும் குறைந்தது. 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று தோன்றியது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்குவது அதுவே. அங்கு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாரார்க்கு ஐசோநியாசிட்டும் பாஸும் சேர்த்துக் கொடுத்தனர். ஏனையோர்க்கு ஐசோநியாசிட் மட்டும் வெவ்வேறு முறையில் கொடுத்தனர். சேர்த்துக் கொடுத்ததே மேலானது என்று 1960-இல் வெளியிட்டனர். பணியாளர்கள் சொல்லாமல் வீடு சென்று மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து, மருந்து உண்ணப்பட்டதா என்று அறிந்தனர். ஐசோநியாசிட்டின் அளவை மிகுத்தபோது சிலர்க்கு நரம்புக் கோளாறு கண்டது. வைட்டமின் பி6 அதனைத் தடுக்கும் என்பதையும் ஆராய்ந்தனர். எத்துணைப் பொறுமை!

பயன் உண்டா, தீங்கு உண்டா என்பதோடு கேள்வி முடிவதில்லை. ஒன்றாய் வைத்த மருந்துகள் கெடாமல் இருக்குமா என்பதும் கேள்வியே. ரிஃபாம்பிசினையும் ஐசோநியாசிட்டையும் ஒரே மாத்திரையில் வைத்தால், இரைப்பையின் அமிலத்தில் ரிஃபாம்பிசின் விரைவாகச் சிதைகின்றது. ஆகவே அது இரத்தத்தில் போதிய அளவு சேர்கிறதா என்று அளந்து பார்த்தல் இன்றியமையாதது. மேலும், புது மருந்தை 40 பாகை வெப்பத்திலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்துச் சோதிப்பது வழக்கம். நம் திருவனந்தபுரத்து மழைக்காலத்தில், அடுப்படி அலமாரியில் மாத்திரை வைக்கும் தாய்மார்கள் இதனைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

இவ்வளவு சோதனையின் பின் வரும் கூட்டு மருந்து வரமே. 2017 முதல் நாடெங்கும் காசநோயாளிகள் நாள்தோறும் உண்ணும் கூட்டு மாத்திரை அத்தகையது. ஆயின் தக்க காரணமின்றிச் சேர்த்த கலவைகளும் சந்தையில் மலிந்தன. 2016 மார்ச்சில் மைய அரசு 344 கலவைகளைத் தடை செய்தது. வழக்குகள் எழுந்தன, உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி மறுபடி ஆராய்ந்து, 2018-இல் 328 கலவைகளைத் தடுத்தனர். 2024 ஆகஸ்டில் மேலும் 156 தடுக்கப்பட்டன. குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது என்று சீட்டில் அச்சிடுமாறு 2023-இல் ஆணை பிறந்தது. நாம் வாங்கிய புட்டியிலும் அவ்விரு பெயர்கள் இருந்தன. படித்திருந்தால் அன்றே அறிந்திருப்போம்.

அன்பர்களே! நாம் வேண்டுவன நான்கே. மருந்தின் விற்பனைப் பெயரை விடுத்து, உள்ளிருக்கும் பொருள்களின் பெயர்களைப் படியுங்கள். அண்டை வீட்டார்க்கு எழுதிய மாத்திரையை அன்பின் பெயரால் வாங்கவும் வேண்டா, வழங்கவும் வேண்டா. மருத்துவரிடம் செல்லும்போது, வீட்டில் உண்ணும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்லுங்கள். காசநோய்க்கு மருந்து உண்பவர், உடல் தேறியது கண்டு தாமாக நிறுத்தற்க. ஒன்றை மட்டும் விடுத்து மற்றொன்றை உண்ணற்க.

நம் குடியிருப்பில் ஆங்கிலச் சீட்டைப் படிக்க இயலாத முதியோர் பலர் உளர். பள்ளிப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் அவர்கள் இல்லம் சென்று படித்துச் சொன்னால், அதுவே இச்சங்கம் செய்யும் தமிழ்த்தொண்டாகும். முதல் வீடாக நம் வீட்டிற்கே வருக. நம் மகள் வாயிலில் நின்று வரவேற்பாள்.