பாறைப் பாசிக்கு நான் வைத்த தப்பான பெயர்

பழனிசெட்டிபட்டியிலிருந்து பேசுகிறேன். இன்னிக்கு ஒரு திருத்தம் சொல்லணும்.

போடிமெட்டுக்கு மேலே நண்பரோட ஏலத்தோட்டத்துல ஒரு மொட்டைப் பாறை. அதில் குட்டையா, மஞ்சள் கலந்த பச்சையில், நுனியில் வெள்ளை முடியோடு ஒரு பாசி. போன எபிசோட்ல அதுக்கு காம்பிலோபஸ் இன்ட்ரோஃப்ளெக்ஸஸ்னு பேர் சொன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். "வெளிநாட்டுக் களைப் பாசி நம்ம மலைக்கும் வந்துடுச்சு"ன்னும் சேர்த்துச் சொல்லிட்டேன்.

அந்தப் பேர் சும்மா இல்லை. தென் கோளத்துப் பாசி அது. 1941ல் இங்கிலாந்தில் தென்பட்டது. பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவி, நெதர்லாந்து மணல்மேடுகளில் மற்ற பாசிகளையும் லைக்கன்களையும் மூடிவிட்டது. கேட்டவங்க ரெண்டு பேர், "அப்போ சுரண்டி எடுத்துடலாமா?"ன்னு கேட்டாங்க. அப்பத்தான் எனக்குத் தூக்கம் போச்சு.

நான் செய்த தப்பு எளிமையானது. மழை நாளில், நனைஞ்ச பாசியைப் பார்த்தேன். இந்த இனத்துக்கு முக்கிய அடையாளம் காய்ந்தால்தான் தெரியும். இன்ட்ரோஃப்ளெக்ஸஸ் காய்ந்தால் வெள்ளை முடி செங்குத்தா வெளிப்பக்கம் மடங்கும். மேலேயிருந்து பார்த்தா நட்சத்திரம் மாதிரி இருக்கும். அதோட நெருங்கின உறவு காம்பிலோபஸ் பைலிஃபர். அதுக்குக் காய்ந்தாலும் முடி நேராவே நிற்கும்.

எடுத்து வந்த சிட்டிகைப் பாசியைக் காகிதப் பொட்டலத்தில் ஒரு வாரம் காய வைத்தேன். முடி மடங்கவே இல்லை.

அது மட்டும் போதாது. ஒரு இலையை நனைத்து, பாதி பிளேடால் குறுக்கே சீவி, மைக்ராஸ்கோப்பில் வைக்கணும். இருபது சீவலில் ரெண்டு தேறினால் அதிர்ஷ்டம். நடுநரம்பின் முதுகுப் பக்கம் வரப்பு வரப்பாக இருக்கும். அந்த வரப்பு ஒன்றிரண்டு செல் உயரம் என்றால் இன்ட்ரோஃப்ளெக்ஸஸ்; மூன்று, நான்கு என்றால் பைலிஃபர். எனக்கு வந்தது நான்கு. பைலிஃபர் இந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாகவே வளர்வது. வந்தேறி இல்லை.

எனக்கு மட்டும் வந்த குழப்பம் இல்லை இது. ரெண்டையும் ரொம்ப காலம் ஒண்ணாத்தான் வைத்திருந்தாங்க. 1955ல் ஜியாகோமினி என்ற இத்தாலியர்தான் பிரிச்சுக் காட்டினார். அதனால பழைய பட்டியலில் இன்ட்ரோஃப்ளெக்ஸஸ்னு இருந்தா, அது எதுன்னு மாதிரியை எடுத்து வெட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது. இதுக்குத்தான் மாதிரியைப் பத்திரப்படுத்துறது. கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் இருந்த ஃபொரோ பாதிரியார் பல வருஷம் சேகரித்து, பழனி மலைப் பாசிகளைப் பற்றி 1961ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதினார். அவர் பேரிலேயே ஃபொரோயெல்லா என்று ஒரு பாசிப் பேரினம் இருக்கு.

நண்பருக்கு அன்னிக்கே போன் பண்ணிட்டேன்: "அண்ணே, பாறையைத் தொடாதீங்க."

"அதை யாரு தொட்டா? நீதானே பயமுறுத்தின"ன்னார்.

பொட்டலத்து மேல பழைய பேரை ஒரே கோட்டில் அடிச்சு, கீழே புதுசை எழுதி, தேதி போட்டிருக்கேன். பழசும் படிக்கத் தெரியும்.