குளியலறையில் ஒரு தாமரை

விருந்தினருக்குக் காட்டும் கூடத்துக் கதவில் கொடியும் மலரும் செதுக்கி வைக்கிறோம். குளியலறைக்கோ ஒரு தகரக் கதவே போதும் என்று இருந்துவிடுகிறோம். நாள்தோறும் உடலைத் தூய்மை செய்யும் இடம் அழகாக இருந்தால் ஆகாதா? இந்த எண்ணத்தோடுதான், ஆறடி நீளமும் நாலடி அகலமும் கொண்ட எங்கள் பழைய குளியலறையைப் புதுப்பிக்க முற்பட்டேன். மரவேலையை என் கையாலேயே செய்வதென்றும் துணிந்தேன்.

தேக்குப் பலகைகள் மூன்றை ஒட்டினேன். அவை பிரியாதிருக்கப் பின்புறம் குறுக்குக் கட்டைகளை வைத்து நெருக்கமாக ஆணி அறைந்தேன். முன்புறம், கதவின் அகலம் முழுதும் விரியுமாறு ஒரு தாமரையைச் செதுக்கி எண்ணெய் பூசி மெருகேற்றினேன். உட்புறத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று வெறுமனே விட்டுவிட்டேன். கதவு நிலையோடு சிறிதும் இடைவெளியின்றிப் பொருந்தியது. நான் கொண்ட பெருமைக்கு அளவில்லை.

ஐப்பசி மாதத்து அடைமழையில் அந்தப் பெருமை கரைந்தது. ஒரு நாள் காலையில் நீராடச் சென்ற என் தாயாரால் வெளியே வர இயலவில்லை. கதவு பருத்து நிலையில் இறுகிவிட்டது. நெம்பித் திறப்பதற்குள் அரை மணி நேரம் சென்றுவிட்டது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பூ நன்றாகத்தான் இருக்கிறது, கதவுதான் திறக்கவில்லை" என்றார். பின்னர்க் கோடை வந்தது. காய்ந்து ஒடுங்கிய பலகை, தாமரையின் நடுவிலேயே பிளந்தது.

எங்கள் தெருவில் வாழும் முதிய தச்சர் ஒருவரிடம் சென்றேன். அவர் கதவைத் தடவிப் பார்த்தார். "தம்பி, வெட்டிய பிறகும் மரம் தண்ணீர் குடிக்கும். குடித்தால் பருக்கும், காய்ந்தால் ஒடுங்கும். நீங்கள் அதைக் கட்டிப் போட்டுவிட்டீர்கள்" என்றார்.

மரம் என்பது நுண்ணிய குழாய்களின் கட்டு. காற்றில் ஈரம் மிகும்போது அக்குழாய்களின் சுவர்கள் அதை ஏற்றுத் தடிக்கின்றன. ஆகவே நார் ஓடும் நீளவாக்கில் மரம் பெரும்பாலும் மாறுவதில்லை, அகலவாக்கில்தான் பருக்கிறது. இரண்டடி அகலப் பலகை மழைக்கும் கோடைக்கும் இடையே கால் அங்குலம் வரைகூட மாறலாம். தேக்கு பல மரங்களைவிடக் குறைவாகவே அசைவது; எனினும் அசையாததன்று. ஒரு முகத்தில் மட்டும் எண்ணெய் பூசினாலோ, மறுமுகம் விரைந்து ஈரத்தை ஏற்க, பலகை வளைந்துவிடுகிறது.

தச்சர் காட்டிய வழி நம் பழைய வீட்டுக் கதவுகளில் உள்ளதுதான். சுற்றிலும் சட்டம். மூலைகளில் கழுந்தைத் துளையில் புகுத்தி மூங்கில் ஆணியால் பிணைக்க வேண்டும். சட்டத்தின் உள்விளிம்பில் காடி; காடிக்குள் பலகை. அப்பலகையை ஒட்டுவதுமில்லை, அறைவதுமில்லை. காடிக்குள் சிறிது வெற்றிடம் இருப்பதால் பலகை பருத்தாலும் ஒடுங்கினாலும் கதவு அளவு மாறாமல் நிற்கிறது.

இம்முறை தாமரையை ஒரு சாண் அளவில், பலகையின் நடுவே செதுக்கினேன். கண்மட்டத்துக்கு மேலே, சிறு சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி ஒரு சாளரம் வைத்தேன். பார்வைக்கு அணியாகிய அதுவே நீராவி வெளியேறும் வழியும் ஆயிற்று. தரைக்கு நல்ல வாட்டம் கொடுத்து, கதவின் அடியை ஓர் அங்குலம் உயர்த்தினேன். நீரை மிக விரைவாக உறிஞ்சும் வெட்டுமுகங்களுக்கும், உட்புறத்துக்கும் மறவாமல் எண்ணெய் பூசினேன். மரத்தின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஈரம் நெடுநாள் தங்கினால்தான் அதை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சணம் வளரும். ஆகவே நனைவது கேடன்று, உலராதிருப்பதே கேடு.

ஜப்பானில் நாராவை அடுத்த ஹோரியூஜி கோயிலின் மரக் கோபுரம் ஏறத்தாழ 1300 ஆண்டுகளாக மழையிலும் பனியிலும் நிற்கிறது. அகன்ற இறவாரங்கள் மழைநீரை மரத்துக்கு அப்பால் வடித்துவிடுகின்றன. அக்கோபுரத்துக்கு உதவிய ஹினோக்கி மரத்தில்தான் அந்நாட்டார் குளியல் தொட்டிகளையும் செய்கின்றனர். நீருக்கும் மரத்துக்கும் பகையில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இப்போது என் தாயார் அக்கதவை ஒரு விரலால் தள்ளித் திறக்கிறார். மாணவ நண்பர்களே, ஒரு பொருளை அழகு செய்ய விரும்பினால் முதலில் அதன் இயல்பைக் கேட்டறியுங்கள். என் முதல் தாமரை என் பெருமைக்காகப் பூத்தது, பிளந்தது. இரண்டாவது தாமரை சிறியது. இன்னும் பிளவின்றி இருக்கிறது.