யாழ்ப்பாணத்து வாலிபர்களும் நமது பிள்ளைகளும்

(யாழ்ப்பாணத்தில் நடந்த தோட்ட இளைஞர் பயிற்சி முகாமில் பேசியது)



"படிக்கிற பிள்ளைக்குச் சங்கம் எதற்கு? முதலில் சோதனை பாஸாகட்டும்" என்று லயத்தில் பல பெற்றோர் சொல்கிறார்கள். கொழுந்து பறித்த காசில் டியூஷனுக்குக் கட்டுகிறவர்களுக்கு அந்தப் பயம் வராமல் எப்படி இருக்கும்? ஆனால் அதற்குப் பதில் இந்த யாழ்ப்பாணத்து மண்ணிலேயே இருக்கிறது.

1924 இல் இங்கே மாணவர் காங்கிரஸ் தொடங்கியது. பின்னால் அதுவே வாலிப காங்கிரஸ் ஆனது. முன்னின்றவர் ஹண்டி பேரின்பநாயகம், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் இளம் ஆசிரியர். கூட நின்றவர்கள் மாணவர்கள், புதிதாக வேலைக்கு வந்த வாத்திமார். சாதி பார்த்துப் பந்தி வைத்த ஊரில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைத் தரையில் இருத்திய பள்ளிக்கூடங்களில் சம ஆசனம் வேண்டும் என்றார்கள். 1927 நவம்பரில் காந்தியை இங்கே அழைத்து வந்தார்கள். ஒரு தலைவரை அழைப்பது என்றால் கடிதம், பந்தல், வண்டி, வசூல், கணக்கு. நம் மே தினத்தில் ஓடித்திரிந்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும்.

1931 இல் பூரண சுயராச்சியம் கேட்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் 1934 வரை காலியாகக் கிடந்தன. அதே தேர்தலில் ஹற்றனிலிருந்து போன பெரி. சுந்தரம் தொழில் அமைச்சரானார். ஏழைக்கும் பெண்ணுக்கும் முதல்முதலாக வாக்குக் கிடைத்த தேர்தல் அது. பகிஷ்கரித்தது பிழை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் முடிவை அவர்களே எடுத்தார்கள், வந்த ஏச்சையும் அவர்களே கேட்டார்கள். அந்தப் படிப்பு எந்த டியூஷனிலும் கிடைக்காது.

அவர்கள் கெட்டுப்போனார்களா? கிறிஸ்தவராகப் பிறந்த பேரின்பநாயகம் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கே அதிபரானார். 'ஒறேற்றர்' சுப்பிரமணியம் ஸ்கந்தவரோதயக் கல்லூரி அதிபர். நேசையா பல்கலைக்கழக விரிவுரையாளர்.

இப்போது நம் கதைக்கு வருவோம். உயர்தரம் பாஸாகி கம்பசுக்குப் போகிற தோட்டத்துப் பிள்ளை பல நேரம் கடைசி வாங்கில் வாய் திறக்காமல் இருக்கிறது. மஹாபொல பணம் தாமதமானால் யாரிடம் கேட்பது என்று தெரியாது. தெரிந்தாலும் கேட்கக் கூச்சம். பதினாறு வயதில் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து "இந்தக் கணக்கில் இருநூறு ரூபாய் இடிக்கிறதே, தலைவர்" என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, பீடாதிபதியின் கதவைத் தட்டவும் துணிவு வரும்.

ஆனால் இளைஞர் தலைமைத்துவம் என்று சொல்லி, ஒரு நாள் கூட்டி, தொப்பியும் சான்றிதழும் கொடுத்து அனுப்பினால் ஒன்றும் வராது. பெரிய ஆள் வரும்போது மாலைத் தட்டுப் பிடிக்கப் பிள்ளைகளைக் கூப்பிடுவது அதைவிட மோசம்.

தோட்டத் தலைவர்மாரிடம் கேட்கிறேன். அடுத்த கூட்டத்தின் அறிக்கைப் புத்தகத்தை ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். சந்தாக் கணக்கை இன்னொரு பிள்ளை எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள். சம்பளச் சீட்டில் எந்தப் பிடிப்பு எதற்கு என்று லயத்துப் பெண்களுக்கு வாசித்துச் சொல்லும் வேலையையும் பிள்ளைகளுக்கே கொடுங்கள். அதில் பாதிப் பேர் பெண்பிள்ளைகளாக இருக்கட்டும். மலையில் கொழுந்துக் கூடை சுமப்பது பெண்கள்; கமிட்டி நாற்காலியில் மட்டும் ஏன் ஆண்கள்? கூட்டம் இரவில் என்றால் பெண்பிள்ளைகள் வரமாட்டார்கள். ஆகவே ஞாயிறு பகலில் வையுங்கள். சோதனை மாதங்களில் அவர்களை விட்டுவிடுங்கள்.